நிலத்துக்காகக் காத்திருக்கும் சட்டம், குழந்தைக்காகக் காத்திருக்காதா?



ஒரு சின்னக் கணக்கு. பேனா பேப்பர் வேண்டாம், மனசுலயே போடலாம்.

ஐந்தாம் வகுப்பு படிக்கிற பெண் குழந்தை. வயசு 10. வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிற சொந்தக்காரர் ஒருத்தர், ஆள் இல்லாத நேரம் பார்த்து செல்போனில் ஆபாசப் படம் காட்டுகிறார். தன் உடம்பைக் காட்டுகிறார். குழந்தையைத் தொடவில்லை. "அம்மாகிட்ட சொன்னா உனக்குத்தான் அடி விழும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். குழந்தையும் சொல்லவில்லை.

இது குற்றமா? சந்தேகமே வேண்டாம், குற்றம்தான். போக்சோ சட்டம் 11-வது பிரிவு இதைத்தான் பாலியல் துன்புறுத்தல் என்கிறது. 12-வது பிரிவின்படி தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

இப்போ இன்னொரு புத்தகத்தைத் திறங்க. பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்களே, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அந்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். (முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிமுடிக்கும் தோழருக்கு டீ நம்ம செலவு.) அதன் 514-வது பிரிவு என்ன சொல்கிறது? அதிகபட்ச தண்டனை ஓராண்டுக்கு மேல், மூன்று ஆண்டுக்குள் இருக்கும் குற்றம் என்றால், மூன்று ஆண்டு கழிந்த பிறகு நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கக்கூடாது. அந்த மூன்று ஆண்டு எப்போது ஆரம்பிக்கிறது? 515-வது பிரிவின்படி, குற்றம் நடந்த நாளிலிருந்து.

பத்தும் மூணும் பதிமூணு.

அதாவது அந்தக் குழந்தை எட்டாம் வகுப்பு படிக்கும்போதே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. அன்று தனக்கு நடந்தது என்னவென்று அவளுக்கு முழுசாகப் புரிவது பத்தாம் வகுப்பிலோ கல்லூரியிலோ இருக்கலாம். கல்யாணமாகி தன் மகளை அதே சொந்தக்காரர் மடியில் தூக்கி வைக்கும்போது நெஞ்சு பதறுமே, அன்றைக்கு இருக்கலாம். அப்போது அவள் புகார் கொடுக்கப் போனால், "காலம் கடந்துபோச்சும்மா" என்ற பதில் தயாராக இருக்கும்.

18 வயசு ஆகாம ஓட்டுப் போட முடியாது. கார் ஓட்ட உரிமம் கிடையாது. போட்ட கையெழுத்தில் ஒப்பந்தம் செல்லாது. ஏன்? விவரம் தெரியாத வயசு, ஏமாற்றிவிடுவார்கள் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் தன்மேல் நடந்த பாலியல் குற்றத்துக்கு மட்டும் பதிமூணு வயசுக்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துடணும். இது எந்த ஊர் நியாயம்?

இதைவிட வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. 1963-ல் வந்த காலவரம்புச் சட்டம், அதாவது சொத்து, கடன் போன்ற சிவில் வழக்குகளுக்கான சட்டம். அதன் 6-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வழக்குப் போடும் உரிமை உள்ளவர் மைனராக இருந்தால், அவர் மேஜர் ஆகும் வரை கடிகாரம் ஓடாது. காத்திருக்கும். அதே சட்டத்தின் அட்டவணையில் 60-வது இனம். மைனரின் சொத்தை கார்டியன் தப்பாக விற்றுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு 18 வயசு ஆன பிறகு மூன்று ஆண்டு அவகாசம். 21 வயசு வரைக்கும் கோர்ட்டுக்குப் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிங்க. பத்து வயசுக் குழந்தையின் அரை ஏக்கர் நிலத்தை சித்தப்பா விற்றால், சட்டம் அந்தக் குழந்தை வளர்ந்து வரும் வரை காத்திருக்கிறது. அதே குழந்தையிடம் அதே சித்தப்பா அசிங்கமாக நடந்துகொண்டால், சட்டம் காத்திருக்காது. நிலத்தின் மதிப்பு தெரிந்த சட்டத்துக்குக் குழந்தையின் மதிப்பு தெரியவில்லை. நாம் கேட்பது புதுசாக ஒன்றும் இல்லை. நிலத்துக்குக் கொடுத்த அந்தப் பொறுமையை குழந்தைக்கும் கொடு என்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவைப் படித்துவிட்டு, "ஐயோ, எனக்கும் காலம் கடந்துபோச்சே" என்று யாரும் மனசு உடைந்துவிடக்கூடாது. எல்லாக் குற்றத்துக்கும் காலவரம்பு இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள எந்தக் குற்றத்துக்கும் 514-வது பிரிவு பொருந்தாது. பாலியல் வன்கொடுமைக்குக் காலவரம்பு கிடையாது, பழைய சட்டத்திலும் கிடையாது, புதிய சட்டத்திலும் கிடையாது. போக்சோ நடைமுறைக்கு வந்த 2012 நவம்பர் 14-க்குப் பிறகு, தவறான நோக்கத்தோடு குழந்தையின் உடம்பைத் தொட்டிருந்தால், அது 7-வது பிரிவு. தண்டனை மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதற்கும் காலவரம்பு இல்லை. 2014-ல் நடந்திருந்தாலும் இன்றைக்கே புகார் கொடுக்கலாம். ஸ்டேஷனில் "ரொம்ப லேட்டும்மா" என்று திருப்பி அனுப்பினால், அது பொய். போக்சோ புகாரைப் பதிவு செய்ய மறுப்பதே 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதை அந்த ஸ்டேஷன் வாசலிலேயே நின்று சொல்லுங்க.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. மூன்று ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு போலீஸோ கோர்ட்டோ இழுத்தடித்ததால் வழக்கு செத்துப்போகாது. புகார் கொடுத்த நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 12-வது பிரிவுக் குற்றமும் அதைவிடப் பெரிய குற்றமும் ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்கப்பட்டால், பெரிய குற்றத்தின் கணக்குதான் பொருந்தும். ஆகவே சிக்கல் எங்கே? தொடாமல் செய்யும் கொடுமையில். ஆபாசம் பேசுவது, படம் காட்டுவது, போனில் பின்தொடர்வது, படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவது. கையில் ஆளுக்கொரு போன் இருக்கும் இந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு அதிகம் நடப்பது எது என்று நீங்களே யோசிங்க. 2007-ல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆபாசப் படம் காட்டியதும் அந்தக் கணக்கில் ஒன்று. அது ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முந்தைய காலம்!

2012-க்கு முன்னால் குழந்தைகளாக இருந்தவர்கள் நிலைமைதான் ரொம்பக் கொடுமை. இன்று 25, 30, 40 வயசில் இருக்கும் நம்மில் பாதிப் பேர் அந்தக் கூட்டம்தான். அன்றைக்கு போக்சோ கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்தில் அன்றிருந்த விளக்கப்படி, ஆணுறுப்பால் நடக்கும் வன்புணர்வு மட்டும்தான் கற்பழிப்புக் குற்றம். வேறு எதைச் செய்திருந்தாலும், எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், பெண் குழந்தை என்றால் பெரும்பாலும் 354-வது பிரிவு, மானபங்கம். விளக்கத்தை விரிவாக்கச் சொல்லிப் போடப்பட்ட வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 354-க்கு அன்றைய அதிகபட்ச தண்டனை என்ன? இரண்டே ஆண்டு. அப்படின்னா காலவரம்பு? மூன்று ஆண்டு. 2005-ல் ஏழு வயசுக் குழந்தைக்கு நடந்தது 2008-ல், அவளுடைய பத்தாவது வயசில், சட்டப்படி முடிந்துபோன கதை ஆகிவிட்டது. ஆண் குழந்தைக்கு அந்த 354-ம் கிடையாது. சாதாரண அடிதடிப் பிரிவில் தள்ளிவிட்டால் ஓராண்டில் கணக்கு முடிந்தது.

சென்னையில் சிறுவயதில் தனக்கு நடந்ததை, பல பத்தாண்டுகள் கழித்து, நடுத்தர வயதில் தைரியமாகச் சொல்லி, காலவரம்பை நீக்கச் சொல்லிக் கேட்ட பெண் ஒருவர் உண்டு. மத்திய அமைச்சர் வரைக்கும் அந்தக் கோரிக்கை போனது. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு என்ன சொன்னது? போக்சோவின் 19-வது பிரிவில் புகார் கொடுப்பதற்குக் காலவரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று சட்டத்துறை கருத்துச் சொல்லியிருக்கிறது, ஆகவே எத்தனை வயதிலும் புகார் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. மறுநாள் பேப்பரில் பெரிய தலைப்பு. எல்லோரும் கைதட்டினோம்.

ஆனால் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை தோழர்களே! 19-வது பிரிவு புகார் கொடுப்பதைப் பற்றியது. கோர்ட் அந்த வழக்கை ஏற்கலாமா என்பது நடைமுறைச் சட்டத்தில் இருப்பது. போக்சோவின் 31-வது பிரிவே, சிறப்பு நீதிமன்றத்துக்கும் நடைமுறைச் சட்டம் பொருந்தும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போக்சோ சிறப்புச் சட்டம், அதுதான் மேலோங்கும் என்று பாதிக்கப்பட்டவரின் வக்கீல் வாதாடலாம், வாதாடணும். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? பத்திரிகை அறிவிப்பைக் காட்டி யாரும் வழக்கு ஜெயித்ததில்லை.

அடுத்த ஆண்டு, 2019. போக்சோவைத் திருத்தினார்கள். கொடிய குற்றங்களுக்குத் தூக்கு வரை கொண்டுவந்தார்கள். "குழந்தைகளைத் தொட்டால் தூக்கு" என்று டிவி முழுக்க முழக்கம். அதே திருத்தத்தில், அதே புத்தகத்தில், 12-வது பிரிவின் "மூன்று ஆண்டு வரை" அப்படியே இருந்தது. அதை ஐந்து ஆண்டு என்று மாற்றியிருந்தால் காலவரம்புப் பிரச்சினையே தானாக விழுந்திருக்கும். ஒரே ஒரு சொல். தூக்கு என்றால் தலைப்புச் செய்தி வரும். காலவரம்பு என்றால் யார் செய்தி போடுவார்கள்?

சரி, 2023-ல் குற்றவியல் சட்டம் மூன்றையும் தலைகீழாக மாற்றி எழுதுகிறோம் என்றார்களே, அப்பவாவது? காலனிய அடையாளங்களை அழிக்கிறோம், வெள்ளைக்காரன் சட்டத்தைத் தூக்கி எறிகிறோம் என்று மார் தட்டினார்கள். எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 140 பேருக்கு மேல் சஸ்பெண்ட் செய்யப்பட்டு வெளியே நின்ற அந்த டிசம்பரில் நிறைவேற்றினார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறை. பழைய சட்டத்தின் 468-வது பிரிவு என்ன ஆனது? 514 ஆனது. எண் மாறியது. உள்ளே இருக்கும் ஆறு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு எதுவும் மாறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காலவரம்பு வெள்ளைக்காரன் எழுதியதே இல்லை. 1898-ல் அவன் போட்ட நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு பொதுவான தடை கிடையாது. 1973-ல் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் சேர்த்தது. சின்னச் சின்ன வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தலைக்கு மேல் தொங்கக்கூடாது என்பது அன்றைய நோக்கம், அதில் தப்பில்லை. சைக்கிளில் விளக்கு இல்லாத வழக்குக்கு அது நியாயம். குழந்தைக்கு நடந்த கொடுமையையும் அதே தராசில் வைத்ததுதான் தப்பு.

இன்னொரு ஓட்டையைச் சொல்கிறேன். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. தெரிந்தும் மறைப்பவர்கள். குழந்தைக்கு எதிரான குற்றம் பற்றித் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், இது 19-வது பிரிவு. சொல்லாவிட்டால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மூடி மறைக்கும் நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி இறந்த பிறகு ஆசிரியர் மட்டுமல்ல, பள்ளி முதல்வரும் இந்தச் சட்டத்தில் கைது செய்யப்பட்டது ஞாபகம் இருக்கும். மகாராஷ்டிராவின் சந்திரபூரில் விடுதி மாணவிகள் வழக்கில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

கடுமையான குற்றம்தான். ஆனால் தண்டனை ஓராண்டுக்குள் என்பதால், 514-ன்படி காலவரம்பு எவ்வளவு? ஓராண்டு! பள்ளி நிர்வாகம் ஒரே ஒரு கல்வியாண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், "எங்கள் மேல் தனியாக வழக்குப் போட நேரம் முடிந்துவிட்டது" என்று வாதாட வழி கிடைக்கிறது. மறைப்பதற்குப் பரிசு மாதிரி இருக்கிறது இது. மறைத்தது தொடர்ந்து நடக்கும் குற்றம், நாளுக்கு நாள் புதுசாகக் கணக்கு ஆரம்பிக்கிறது என்று பதில் வாதம் வைக்கலாம். ஏன் வாதம் வைக்க விட வேண்டும்? சட்டத்திலேயே எழுதிவிட்டுப் போகலாமே.

இந்த இடத்தில் நம்ம ஆட்களுக்கும் ஒன்று சொல்லணும். கோபப்படாதீங்க. ஊரில் இப்படி ஒரு விஷயம் வெளியே வந்தால் முதலில் என்ன நடக்கிறது? "போலீஸுக்குப் போனா பொண்ணு வாழ்க்கை போயிடும், பேசி முடிச்சுக்கலாம்" என்று நாலு பெரிய மனுஷங்க உட்காருகிறார்கள். அதில் கரைவேட்டி கட்டியவர்களும் இருப்பார்கள், எந்தக் கட்சி கரை என்று நான் சொல்லவில்லை. ஏதாவது ஒரு தொகை, ஒரு மன்னிப்பு, ஒரு சத்தியம். அந்தப் பேச்சுவார்த்தையில் ஓடுவது குழந்தையின் கடிகாரம். "தேர்த் திருவிழா முடியட்டும்", "பரீட்சை முடியட்டும்", "அக்கா கல்யாணம் முடியட்டும்" என்று மூன்று ஆண்டு தானாக ஓடிவிடும். பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர் ஒவ்வொருவரும் 19-வது பிரிவை மீறியவர். நம்ம கட்சிப் பொறுப்பாளர் யாராவது இப்படி உட்கார்ந்தால், அவர் கட்சிக்காகப் பேசவில்லை, குற்றவாளிக்காகப் பேசுகிறார்.

"இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தாங்க?" இந்தக் கேள்வி இந்தப் பதிவின் கீழேயும் வரும், பார்த்துக்கொண்டே இருங்க. 2021 மே மாதம் சென்னையில் ஒரு பிரபல பள்ளி ஆசிரியர் மேல் புகார் கிளம்பியபோது, படித்து முடித்துப் போன முன்னாள் மாணவிகள் வரிசையாக வந்து பேசினார்கள். அப்பவும் இதே கேள்விதான். பதில் ரொம்ப எளிமை. அவர்கள் மாணவிகள், அவர் ஆசிரியர். மார்க் அவர் கையில். வீட்டில் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆஸ்திரேலியாவில் பள்ளி, தேவாலயம், காப்பகங்களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2017-ல் இறுதி அறிக்கை கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் முதல்முறையாக ஒருத்தரிடம் வாய் திறந்து சொல்லவே சராசரியாக 23.9 ஆண்டு ஆனது என்று அதில் பதிவாகியிருக்கிறது. 23.9 ஆண்டு எங்கே, நம்ம மூன்று ஆண்டு எங்கே?

நம்ம சட்டத்திலும் ஒரு சன்னல் இருக்கிறது என்பார்கள். உண்மை. 519-வது பிரிவு. தாமதத்துக்குச் சரியான விளக்கம் இருந்தாலோ, நீதியின் நலனுக்குத் தேவைப்பட்டாலோ, காலம் கடந்த வழக்கையும் நீதிமன்றம் ஏற்கலாம். 'ஏற்கலாம்', 'ஏற்க வேண்டும்' அல்ல. அதாவது, குற்றம் செய்தவன் பதில் சொல்வதற்கு முன்னால், பாதிக்கப்பட்டவள் பதில் சொல்ல வேண்டும். "இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்த?" என்ற அந்தத் திண்ணைக் கேள்வியையே பிரிவு எண் போட்டு சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இருபது ஆண்டு கழித்து ஒருவர் மேல் குற்றம் சாட்டினால், அவர் நிரபராதியாக இருந்தால் எப்படி நிரூபிப்பார்? சாட்சி செத்திருப்பான், போன் குப்பைக்குப் போயிருக்கும். நியாயமான கவலைதான். ஆனால் காலவரம்பை நீக்குவது தண்டனை கொடுப்பது ஆகாது, கதவைத் திறப்பது மட்டும்தான். உள்ளே போனபிறகு செயல் நடந்தது என்று நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் தலையில்தான். வேறு சில போக்சோ குற்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் செய்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க 29-வது பிரிவு வழி செய்கிறது. 12-வது பிரிவுக் குற்றத்துக்கு அந்த அனுமானம்கூடக் கிடையாது. சாட்சி பழசாகிவிட்டது என்றால் கோர்ட் விடுதலை செய்யட்டும். விசாரித்து விடுதலை செய்வது வேறு, விசாரிக்கவே மாட்டேன் என்பது வேறு. பதினேழு வயசுப் பிள்ளைகளின் காதலை போக்சோவில் இழுத்துவிடுகிறார்களே என்ற கேள்வியும் உண்மையான கேள்விதான், அதற்குத் தனியாகத் தீர்வு வேண்டும். அதைக் காட்டி இதை நிறுத்த வேண்டாம்.

அதோடு இந்தக் கவலை ஏன் இங்கே மட்டும் வருகிறது? உங்கள் வீட்டுக்குள் இருந்த அண்டாவை ஒருத்தன் திருடினால், வீட்டுக்குள் திருட்டு என்ற பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை. ஆகவே காலவரம்பு இல்லை. பத்து ஆண்டு கழித்தும் வழக்குப் போடலாம். அண்டாத் திருடனுக்கு சாட்சி பழசாகாதா?

காலவரம்பு ஒருத்தனை எப்படிக் காப்பாற்றும் என்று பார்க்க அமெரிக்காவைப் பாருங்க. டென்னிஸ் ஹாஸ்டர்ட். 1999 முதல் 2007 வரை அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர். அதிபர் பதவிக்கு வாரிசு வரிசையில் துணை அதிபருக்கு அடுத்த ஆள். அரசியலுக்கு வருமுன் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பள்ளியில் மல்யுத்தப் பயிற்சியாளர். அப்போது மாணவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியது பல ஆண்டு கழித்து வெளியே வந்தது. எப்படி வந்தது? ஒருவரின் வாயை அடைக்கப் பணம் கொடுக்க, வங்கி விதிகளுக்கு டிமிக்கி கொடுத்து சின்னச் சின்னத் தொகையாகப் பணம் எடுத்ததில் மாட்டினார். 2016-ல் தண்டனை விதித்த நீதிபதி, தொடர்ந்து சிறுவர்களைச் சீரழித்தவர் என்று நீதிமன்றத்திலேயே முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆனால் கொடுத்த தண்டனை 15 மாதம், அதுவும் வங்கிக் குற்றத்துக்கு! சிறுவர்களுக்குச் செய்ததற்கு வழக்கே போட முடியவில்லை, காலம் கடந்துவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு, 2017-ல் இல்லினாய் மாநிலம் குழந்தைகளுக்கு எதிரான பெரிய பாலியல் குற்றங்களுக்கான காலவரம்பையே தூக்கியது.

இங்கிலாந்தில் இத்தகைய பெரிய குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. அதனால்தான் டிவி பிரபலம் ரோல்ஃப் ஹாரிஸ் 1968 முதல் 1986 வரை செய்ததற்கு 2014-ல், 84 வயதில் சிறைக்குப் போனார். சுவிட்சர்லாந்தில் 2008-ல் மக்களே வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டு, சிறு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்துக்குக் காலவரம்பு கூடாது என்று முடிவு செய்தார்கள். ஜெர்மனியில் பாதிக்கப்பட்டவருக்கு 30 வயசு ஆகும் வரை கடிகாரம் ஓடவே ஓடாது. உலகம் நகர்ந்துவிட்டது, நாம்தான் எண்ணை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

குழந்தைக்குக் கெடு வைக்கும் இதே அரசு, தனக்கு வைத்துக்கொண்ட கெடுவை மதிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. போக்சோவின் 35-வது பிரிவு, வழக்கை ஏற்ற 30 நாளில் குழந்தையின் சாட்சியம் பதிவாகணும், முடிந்தவரை ஓராண்டில் விசாரணை முடியணும் என்கிறது. உங்கள் மாவட்ட போக்சோ கோர்ட்டில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க. பத்து வயசில் புகார் கொடுத்த குழந்தை பிளஸ் டூ முடித்து வந்து சாட்சி சொல்வதைப் பார்க்கலாம். அரசு தாமதித்தால் அது நடைமுறைச் சிக்கலாம், குழந்தை தாமதித்தால் வழக்கே தள்ளுபடியாம்!

நாம் கேட்பது இதுதான். போக்சோ சட்டத்தின் கீழ் வரும் எந்தக் குற்றத்துக்கும் 514-வது பிரிவு பொருந்தாது என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். 21-வது பிரிவின் மறைப்புக் குற்றமும் அதற்குள் வர வேண்டும். அதுவும் முடியாது என்றால், குறைந்தபட்சம் நிலத்துக்குக் கொடுத்ததையாவது கொடுங்கள், 18 வயசு ஆகும் வரை கடிகாரம் ஓடக்கூடாது.

டெல்லி செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருக்கிறது. அரசியல் சாசனம் 254(2)-ன்படி மாநிலச் சட்டமன்றம் திருத்தம் போட்டு குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெறலாம். 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட, இதே புதிய சட்டங்களுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்ததே, அந்த வழி தெரிந்த வழிதான். அதுவரைக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் சட்டமன்றமே தேவையில்லை. குழந்தைக்கு எதிரான வழக்கு எதுவாக இருந்தாலும், காலம் கடந்திருந்தால் 519-ன் கீழ் அரசு வழக்கறிஞரே மனு போட வேண்டும், பாதிக்கப்பட்டவரை விளக்கம் கேட்டு அலைய விடக்கூடாது என்று ஓர் அரசாணை. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்போம்.

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் இரண்டே கேள்வி கேளுங்க: 514-ல் இருந்து போக்சோவுக்கு விலக்குக் கேட்டு அவையில் பேசுவீர்களா? 519 அரசாணைக்குக் கடிதம் கொடுப்பீர்களா? அவர்கள் சொன்ன பதிலை வீடியோவாகவோ கடிதமாகவோ நம் பக்கத்துக்கு அனுப்புங்க, அப்படியே வெளியிடுகிறோம். நம்ம ஆள் மழுப்பினாலும் வெளியிடுகிறோம்.

ஒரு முக்கியமான வேண்டுகோள். கமெண்டில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் போடாதீங்க, அது 23-வது பிரிவில் குற்றம். குற்றம் சாட்டப்பட்டவர் அப்பாவோ மாமாவோ என்றால் அவர் பெயரும் வேண்டாம், அதை வைத்தே குழந்தையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவசர உதவிக்கு 1098, இரவு பகல் எப்போதும். பழைய சம்பவம், புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று குழப்பத்தில் இருப்பவர்கள் பக்கத்தின் இன்பாக்ஸில் மாவட்டத்தின் பெயரை மட்டும் அனுப்புங்க. என்ன நடந்தது என்று எழுத வேண்டாம். அந்த மாவட்டத்தின் வழக்கறிஞர் அணியில் உள்ள பெண் வழக்கறிஞர் யாரிடம் பேசலாம் என்ற விவரம் உங்களுக்கு வரும்.